நான்கு பிழை தப்பிய பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் எழுத்தாளன் இல்லை. போலீஸ் வேலையும் பார்த்ததில்லை. 1980களில் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் ரீடராக, அதாவது அச்சுப் பிழை திருத்துகிறவனாக இருந்தேன், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் மலர் எல்லாம் அங்கே அச்சாகும். மாசத்துக்கு ஒன்றிரண்டு க்ரைம் நாவலும் வரும். 96 பக்கம், அதாவது 16 பக்கம் சேர்ந்து ஒரே தாளில் அச்சாகிற ஃபாரம் ஆறு. அட்டையில் துப்பாக்கி, உள்ளே நியூஸ் பிரிண்ட். எழும்பூரில் வாங்கி ரயில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். அப்படி எத்தனையோ கொலைகளை மை காயாத புரூஃபில், ஊருக்கு முன்னால் படித்தவன் நான். இருட்டான க்ரைம் கதை ஏன் இப்படி ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

புரூஃப் பார்க்கிறவன் கதை படிக்கக் கூடாது. தொழிலில் முதல் பாடம் அது. மனசு கதைக்குள் போய்விட்டால் கண் தாளில் இருப்பதைப் பார்க்காது, இருக்க வேண்டியதைப் பார்க்கும். அச்செழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் 'தன்ணீர்' என்று கோத்திருப்பார், நமக்குத் 'தண்ணீர்' என்றே தெரியும். அதனால் கதை எந்த இடத்தில் ஆளை இழுக்கிறது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. எந்தப் பக்கத்தில் பிழை தப்புகிறதோ, அங்கேதான் இழுத்திருக்கிறது.

ஒரு நாள் ஃபோர்மேன் அச்சான ஃபாரத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"என்னப்பா தம்பி, தூங்கிட்டியா? ஒரே பக்கத்துல நாலு!"

தூங்கவில்லை அண்ணே என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கிறாள். தலையில் இருந்த மல்லிகையை எடுத்து, இன்னும் வாடவில்லையே, நாளைக்கு ஆகும் என்று ஈரத்துணியில் சுற்றி வைக்கிறாள். அப்புறம் உலை வைக்கப் போகிறாள். பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒருவன் நிற்பது முந்தின பக்கத்திலேயே நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஃபாரத்தில் கொலை. ஒன்றரைப் பக்கத்துக்குக் குத்து, அலறல், ஆச்சரியக்குறி. அங்கே ஒரு ஒற்றுகூட என் கண்ணைத் தப்பவில்லை. சாவகாசமாகத் திருத்தியிருக்கிறேன்.

அந்தப் பூதான் என்னைக் கவிழ்த்தது. நாளைக்கு ஆகும் என்று அவள் எடுத்து வைக்கிறாள் பாருங்கள், அந்த நாளை கிடையாது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூப்பிட்டுச் சொல்ல முடியாது. பக்கத்தைத் திருப்புவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. ரத்தத்தை லிட்டர் கணக்கில் ஊற்றுகிற நாவல்களை, குறிப்பாக இப்போது வருகிறவற்றை, என்னால் பாதியில் மூடி வைக்க முடிகிறது. இந்தப் பூ மாதிரி ஒன்று வந்துவிட்டால் முடிவதில்லை.

என் அம்மா ராயபுரத்துக்காரி. ஆளவந்தார் கொலையைப் பற்றிச் சொல்லாத நாள் குறைவு. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1952 ஆகஸ்டில் எழும்பூரிலிருந்து போன போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்தவர் ஆளவந்தார். யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், தீர்ப்பு என்ன, இதிலெல்லாம் அம்மா அதிகம் நிற்க மாட்டாள். "அந்தப் பெட்டி பக்கத்துல உக்காந்து யாராவது இட்லிப் பொட்டலத்தப் பிரிச்சிருப்பாங்கல்ல?" என்பாள். ஒவ்வொரு தடவையும் அங்கே வந்ததும் குரல் இறங்கும். நாங்கள் பாய்க்குள் ஒடுங்குவோம்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடத்தை நாலாகச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய் பிசாசு, காட்டு மிருகம், திருடன், அரசன். க்ரைம் கதைக்காரன் இதில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டான். தெரிந்தவன். மாடி போர்ஷன்காரர், கூட வேலை பார்க்கிறவர், தினமும் வணக்கம் சொல்கிற ஆள். உணர்ச்சி உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர். புரூஃபுக்குத் தமிழில் மெய்ப்பு. மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தவனுக்கு மெய்ப்பாடு வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்தார்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். பிழை தப்பிய பக்கங்களைப் பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது, அந்தப் பெண்ணைப் போன்றவர்களின் பக்கங்கள் மட்டுமல்ல, வேறு மாதிரிப் பக்கமும் அதில் இருந்தது. கொலை செய்தவன் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வாளித் தண்ணீர் சிவந்துபோயிருக்கிறது. வாசலில் கதவு தட்டுகிற சத்தம். பால்காரன். அந்த இடத்தில் நான் யாருக்காகப் பயந்தேன் தெரியுமா? அவனுக்காக. சீக்கிரம் துடைடா, வாளியைத் தள்ளுடா என்று. பத்துப் பக்கத்துக்கு முன்னால் அவள் பூவுக்காக நெஞ்சு அடைத்தவனும் நான்தான். ஒரே ஆள், ஒரே நாற்காலி, டீகூட ஆறியிருக்காது.

இப்படிப் படித்தால் மனசு மரத்துப்போகும் என்பார்கள். மரத்த மனசுக்கு அந்தப் பக்கத்திலும் நாலு பிழை கண்ணில் பட்டிருக்கும். ஆனால் கதவு தட்டும்போது நான் அவன் பக்கம் சாய்ந்தேனே, அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஓடி ஒளிகிறவனைக் கண்டால் நம் காலும் ஓடப் பார்க்கிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நாவல் பிரதி ஒன்று பழைய மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைத்தது. 1985-ல் மார்க்கெட் எரிவதற்கு ஒரு வருஷம் முன்னால். அட்டை போய்விட்டது, பக்கங்கள் பழுப்பேறி ஓரம் உதிர்கின்றன. இந்த உரைக்காக நேற்று ராத்திரி எடுத்தேன். சிவப்புப் பேனாவும் கையுமாக, வீம்போடு உட்கார்ந்தேன். முதல் பத்தியில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, வட்டம் போட்டாயிற்று. நாலாவது கீழே எங்கேயோ இருக்க வேண்டும். அவள் பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேனாவை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. மேஜை விரிப்பில் மை ஊறிய பிறகுதான் கவனித்தேன்.

வணக்கம்.