ஏர் ஃப்ரையரில் நேந்திரம்பழ சோமாசி: கையில் எடுத்துட்டுப் போற காலை டிபன்

[காட்சி: ஏர் ஃப்ரையர் கூடையில் நான்கு சோமாசிகள். ஒன்றை எடுத்து உடைக்க, உள்ளே பழுப்பு நிறப் பூரணம்.]

எண்ணெய்ச் சட்டியில பொரிக்கிற சோமாசியை அப்படியே தூக்கி ஏர் ஃப்ரையர்ல வச்சா என்ன ஆகும்? மேல் மாவு வெளுத்து விறைச்சுப் போகும். ஓரம் பிரிஞ்சு பூரணம் வெளியே வழிஞ்சு, கூடையில கருகி ஒட்டிக்கும். நிறைய பேர் இதைப் பார்த்துட்டு மெஷின் சரியில்லைன்னு ஒதுக்கி வச்சிடறாங்க. மெஷின் மேல தப்பே கிடையாது. அந்த மாவும் பூரணமும் எண்ணெய்க்குன்னு அளந்து செஞ்சது. காத்துல வேகணும்னா ரெண்டையும் மாத்தணும்.

இந்த வீடியோவில அந்த மாத்தத்தைத்தான் பார்க்கப் போறோம். நேந்திரம்பழம், வெல்லம், தேங்காய் வச்ச இனிப்பு சோமாசி. தட்டும் வேண்டாம், ஸ்பூனும் வேண்டாம், பஸ் ஸ்டாப்ல நின்னுகிட்டே சாப்பிட்டு முடிச்சிடலாம்.

[காட்சி: ஏர் ஃப்ரையரின் குறுக்குவெட்டுப் படம். மேலே காயில், ஃபேன். அம்புக்குறிகள் கீழே இறங்கி, கூடையின் ஓட்டைகள் வழியாகச் சுற்றி வருகின்றன.]

முதல்ல மெஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்திடலாம். மேல ஒரு காயில், அதாவது சூடாகிற கம்பிச் சுருள் இருக்கு, அதுக்கு மேல ஒரு ஃபேன். காயில் சூடாக்கின காத்தை ஃபேன் வேகமா சுத்த விடுது. அந்தக் காத்து கூடையில இருக்கிற பண்டத்தைச் சுத்தி, அடியில இருக்கிற ஓட்டை வழியா போய், திரும்பவும் மேல ஏறுது. பேக்கரியில இருக்கிற ஃபேன் வச்ச ஓவனும் இதே வேலையைத்தான் செய்யுது. அதைச் சமையல் மேடையில வைக்கிற அளவுக்குச் சுருக்கி, 2010-ல பெர்லின்ல நடந்த ஐ.எஃப்.ஏ. எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தினாங்க. அதுக்குப் பின்னால இருந்தவர் ஃப்ரெட் வான் டெர் வெய், நெதர்லாந்துக்காரர்.

சரி, 180 டிகிரி எண்ணெயும் 180 டிகிரி காத்தும் ஒண்ணுதானா? சூடான ஓவனுக்குள்ள ஒரு நொடி கையை விட்டு எடுத்தா அனல் அடிக்கும், அவ்வளவுதான். அதே சூட்டில இருக்கிற எண்ணெய் விரல் நுனியில பட்டாலே கொப்பளம். டிகிரி ஒண்ணா இருந்தாலும், சூட்டைக் கைமாத்துற வேகத்துல எண்ணெய்கிட்ட காத்து நெருங்கவே முடியாது. அதனாலதான் எண்ணெய்ல மூணு நாலு நிமிஷத்துல பொரியற சோமாசிக்கு இங்க 12-லிருந்து 14 நிமிஷம் தேவைப்படுது.

அந்தக் கூடுதல் பத்து நிமிஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பூரணத்துல இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகுது. ஆவி வெளியே வர வழி தேடுது. நாம ஓரத்தை எவ்வளவு அழுத்தி மூடினாலும், எங்க பலவீனமோ அங்க பிச்சுக்கிட்டு வந்திடும். இன்னொரு பக்கம், எண்ணெய்ல பொரியும்போது மாவு எண்ணெயைக் குடிச்சு மொறுமொறுன்னு ஆகும். காத்து எதையும் கொடுக்காது, ஈரத்தை எடுத்துட்டுத்தான் போகும். அதனால வேண்டிய கொழுப்பை முன்னாடியே மாவுக்குள்ள வச்சிடணும், பூரணத்தை வழக்கத்தைவிட வறட்டிடணும், ஆவிக்கு நாமளே வழி விட்டுடணும்.

அமெரிக்காவில கெல்லாக்ஸ் கம்பெனி 1964-ல பாப்-டார்ட்ஸ்னு ஒரு காலை டிபன் கொண்டு வந்தாங்க. ரெண்டு மாவுத் தகட்டுக்கு நடுவுல ஜாம், பிரெட் டோஸ்டர்ல வச்சு சூடாக்கிக் கையிலேயே சாப்பிடறது. அதைக் கிட்டத்துல பார்த்தா, உள்ள ஜாம் மெல்லிசா, கெட்டியா இருக்கும், மேல் தகட்டுல வரிசையா ஓட்டை குத்தியிருக்கும். அந்த ஓட்டையை நாமளும் எடுத்துக்கப் போறோம்.

[காட்சி: நேந்திரம்பழம், தோலில் கரும்புள்ளிகள். பக்கத்தில் வெல்லம், துருவிய தேங்காய்.]

பூரணத்துல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா அது முழுசா ஆறணும். பெரிய நேந்திரம்பழம் ஒண்ணு, தோல் நீக்கினா 150 கிராம் வரும். வெல்லம் 50 கிராம், தேங்காய்த்துருவல் 50 கிராம், நெய் ஒரு டீஸ்பூன், நாலு ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. இது எட்டு சோமாசிக்கு.

நேந்திரம்பழம்தான் வேணுமான்னு கேட்டா, கிடைச்சா அதையே வாங்குங்க. நாம சாதாரணமா சாப்பிடற வாழைப்பழங்கள் பழுக்கப் பழுக்க அதுல இருக்கிற மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுசும் சர்க்கரையா மாறிடும். நேந்திரத்துல பழுத்த பிறகும் கொஞ்சம் மாவுச்சத்து மிஞ்சி நிக்கும். சூடு பட்டதும் அது தண்ணியை இழுத்துக்கிட்டு பூரணத்தைக் கெட்டியாக்கும். கன்னியாகுமரி, கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது சுலபமா கிடைக்கும். கிடைக்காதவங்க செவ்வாழை எடுத்துக்கலாம். பச்சை வாழைப்பழம்னு கடையில விக்கிற ரோபஸ்டா மட்டும் வேண்டாம், தண்ணி அதிகம். தோல்ல கரும்புள்ளி விழுந்து, அமுக்கினா லேசா அமுங்குற பழமா பார்த்து எடுங்க.

வெல்லத்தை ரெண்டு ஸ்பூன் தண்ணியில கரைச்சு, மண் போக வடிகட்டிக்கோங்க. கடாயில நெய் விட்டுப் பொடியா நறுக்கின பழத்தைப் போட்டு நாலு நிமிஷம் வதக்கினா ஓரம் பழுப்பாகும். அப்புறம் வெல்லத் தண்ணி, அது கொதிச்சு வத்தினதும் தேங்காய்.

[காட்சி: கடாய், மிக அருகில். கரண்டி பூரணத்தின் நடுவே கோடு கிழிக்கிறது.]

இங்க அவசரப்படவே கூடாது. கரண்டியால நடுவுல ஒரு கோடு கிழிங்க. கோடு உடனே மூடிக்கிட்டா இன்னும் தண்ணி இருக்கு. அடி தெரிய அப்படியே நிக்குது, கடாயில ஒட்டாம பூரணம் சுருண்டு வருதுன்னா சரி. பொரிக்கிற சோமாசிக்கு இங்கயே அடுப்பை அணைச்சிடுவோம். காத்துல வேக வைக்கிறதுக்கு சிம்ல இன்னும் ரெண்டு நிமிஷம் கிளறுங்க. ஆறின பிறகு ஒரு உருண்டை பிடிச்சா விரல்ல பிசுபிசுப்பு கம்மியா இருக்கணும். ஏலக்காய், சுக்கு, உப்பு எல்லாம் கடைசியில. உப்பை விட்டுடாதீங்க, வெல்லத்தோட ருசியே அதுலதான் எழும்பும்.

[காட்சி: மாவு, சிறு துண்டுகளாக வெட்டிய வெண்ணெய், ஐஸ் தண்ணீர்.]

மேல் மாவுக்குக் கோதுமை மாவு 150 கிராம், மைதா 50 கிராம், வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஐஸ் தண்ணி நாலஞ்சு டேபிள்ஸ்பூன். உப்பு போட்ட வெண்ணெயா இருந்தா தனியா உப்பு வேண்டாம்.

வெண்ணெய் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட கெட்டியா இருக்கணும். காரணம் இருக்கு. வெண்ணெய்ல நூத்துக்கு 16 பங்கு வரைக்கும் தண்ணிதான். மாவுக்குள்ள சின்னச் சின்னக் கட்டியா இருக்கிற வெண்ணெய், சூட்டில உருகி, அதுல இருக்கிற தண்ணி ஆவியாகி, மாவை அடுக்கடுக்கா தூக்கிவிடும். உருகின வெண்ணெயை ஊத்திப் பிசைஞ்சா அந்த அடுக்கு வராது. நம்ம ஊர் வெயில்ல இது கஷ்டம்தான், 32 டிகிரியைத் தாண்டினா வெண்ணெய் தானாவே இளகிடும். ஏப்ரல், மே மாசத்துல மாவையும் கிண்ணத்தையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு ஆரம்பிங்க. வேலையை விரல் நுனியாலயே செய்யுங்க, உள்ளங்கை சூடு வெண்ணெய்க்கு ஆகாது.

நெய்யில பண்ணலாமா? தாராளமா. நெய்யில தண்ணி கிடையாது, அதனால அடுக்கு வராது. அதுக்குப் பதிலா வாயில போட்டதும் உதிர்ற பதம் வரும். நெய்யா இருந்தா 65 கிராம் போதும், தண்ணி ஒரு ஸ்பூன் கூடப் பிடிக்கும். எனக்கு வாசனைக்கு நெய் பிடிக்கும், ஆனா கையில பிடிச்சு நடந்துகிட்டே சாப்பிடறதுக்கு வெண்ணெய் மாவுதான் உடையாம நிக்குது.

வெண்ணெய்க் கட்டிகள் பட்டாணி அளவுக்கு வந்ததும், தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு ஒண்ணு சேருங்க. சப்பாத்தி மாவை அடிச்சுப் பிசையற மாதிரி பிசையவே கூடாது, சேர்ந்தா போதும். மூடி ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் வச்சிடுங்க. கோதுமைத் தவிடு தண்ணியை மெதுவாத்தான் இழுக்கும். இந்த அரை மணி நேரத்தைக் குறைச்சா தேய்க்கும்போது ஓரம் விரிசல் விடும்.

[காட்சி: 12 சென்டிமீட்டர் வட்டம். நடுவில் பூரணம். ஈர விரலால் ஓரம் தடவப்படுகிறது.]

எட்டு உருண்டை. ஒவ்வொண்ணையும் 12 சென்டிமீட்டர் வட்டமா, ரெண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடிமனா தேய்ச்சுக்கோங்க. நடுவுல ஒரு டேபிள்ஸ்பூன் பூரணம், அதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம். ஓரத்துல ஒன்றரை சென்டிமீட்டர் சுத்தமா இருக்கணும், வெல்லம் பட்ட இடம் ஒட்டாது. ஈர விரலால ஓரத்தைத் தடவி, பாதியா மடிச்சு, பூரணம் இருக்கிற பக்கத்துல இருந்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கிட்டே வாங்க. உள்ள மாட்டின காத்து வெளியே போகும். அப்புறம் ஃபோர்க்கால அழுத்தலாம், முறுக்கி மடிக்கத் தெரிஞ்சவங்க மடிக்கலாம். சோமாசி அச்சு இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.

இப்போ மேல்பக்கம் ஃபோர்க்கால மூணு இடத்துல குத்துங்க. பூரணம் வரைக்கும் இறங்கணும். பொரிக்கிற சோமாசியில யாரும் இதைச் செய்ய மாட்டாங்க, எண்ணெய் உள்ள புகுந்திடும். இங்க அந்த பயம் இல்ல.

மேல லேசா பால் தடவுங்க. பால்ல இருக்கிற புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நல்ல நிறம் கொடுக்கும். தேனோ வெல்லப்பாகோ தடவிடாதீங்க, காயில் பக்கத்துலயே இருக்கிறதால உள்ள வேகறதுக்கு முன்னாடி மேல கருகிடும்.

[காட்சி: 170 டிகிரி காட்டும் திரை. கூடையில் நான்கு சோமாசிகள், நடுவே இடைவெளி.]

170 டிகிரியில மூணு நிமிஷம் வெறும் கூடையைச் சூடாக்குங்க. பேக்கிங் பேப்பர் போடறவங்க இந்த நேரத்துல போடாதீங்க. மேல கனம் இல்லாத பேப்பரை ஃபேன் தூக்கிட்டுப் போய் காயில்ல ஒட்ட வச்சா தீப்பிடிக்கும். சோமாசியை வைக்கும்போது அதோட சேர்த்து வைங்க, அதுவும் ஓட்டை போட்ட பேப்பரா இருக்கட்டும், இல்லைன்னா அடியில காத்து போகாது.

ஒரு தடவைக்கு நாலு, ஒண்ணுக்கொண்ணு ஒரு விரல் இடைவெளி. எட்டையும் ஒரே தடவை அடுக்கினா, காத்து சுத்த வழியில்லாம ஆவி உள்ளயே நிக்கும். மேல ஈரம் இருக்கிற வரைக்கும் மாவோட சூடு 100 டிகிரியை ஒட்டியே நிக்கும். நிறம் மாறணும்னா 140 டிகிரியைத் தாண்டணும். இடைவெளி இருந்தாத்தான் ஈரம் சீக்கிரம் காயும்.

ஒன்பது நிமிஷம் ஆனதும் திருப்பிப் போடுங்க. அப்புறம் மூணிலிருந்து அஞ்சு நிமிஷம். மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால பன்னிரண்டாவது நிமிஷத்துல திறந்து பாருங்க. பொன்னிறம் வந்தா எடுத்திடலாம். ரெண்டாவது ஈடு ஒரு நிமிஷம் முன்னாடியே ஆகிடும், கூடை ஏற்கெனவே சூடா இருக்கு. எடுத்த உடனே குழந்தைங்க கையில கொடுத்திடாதீங்க. மேல ஆறின மாதிரி தெரிஞ்சாலும் உள்ள வெல்லம் நாக்கைச் சுட்டுடும். பத்து நிமிஷம் கம்பித் தட்டுல இருக்கட்டும்.

கரன்ட் பத்தியும் சொல்லிடறேன். 1,400 வாட்ஸ் மெஷின்ல ரெண்டு ஈடும் சேர்த்து முக்கால் யூனிட்டை ஒட்டித்தான் வரும். ஆனா 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்லயே மாட்டுங்க, சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வேண்டாம்.

எண்ணெய் இல்லாததால இது டயட் உணவுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சோமாசியிலயும் 10 கிராம் வெண்ணெய் இருக்கு, மொத்தம் சுமார் 230 கலோரி வரும். பெரியவங்களுக்கு ஒண்ணும் கூட ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ இருந்தா காலை வேளை நல்லா நிக்கும்.

[காட்சி: ஃப்ரீசர் தட்டில் வேக வைக்காத சோமாசிகள் வரிசையாக.]

காலையில ஏழு மணிக்கு எழுந்து மாவு பிசைஞ்சு இதைச் செய்ய யாராலயும் முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எட்டோ பதினாறோ மடிச்சு, குத்தி, பால் தடவாம தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வச்சிடுங்க. ரெண்டு மணி நேரத்துல கல்லாயிடும், அப்புறம் டப்பாவில போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஒரு மாசம் தாங்கும்.

காலையில வெளியே எடுத்து இளக விடாதீங்க, இளகினா அடி மாவு ஈரமாயிடும். ஃப்ரீசர்ல இருந்து நேரா கூடைக்கு. பால் தடவி, 160 டிகிரியில 16-லிருந்து 18 நிமிஷம், பாதியில ஒரு தடவை திருப்பணும். சூட்டைக் குறைச்சு நேரத்தைக் கூட்டுறது, நடுவுல இருக்கிற பூரணம் உருகி சூடாகறதுக்குள்ள மேல் மாவு கருகாம இருக்கத்தான். கூடையை உள்ள தள்ளிட்டுக் குளிக்கப் போனா, வந்து திருப்பறதுக்குச் சரியா இருக்கும்.

டிபன் பாக்ஸ்ல கொடுத்து அனுப்பறவங்க, முழுசா ஆறின பிறகு மூடுங்க. சூட்டோட மூடினா ஆவி கட்டி மொறுமொறுப்பு போயிடும். தேங்காய் சேர்ந்த பூரணம்ங்கிறதால மதியத்துக்குள்ள சாப்பிட்டுடணும். வீட்ல மிஞ்சினதை ஃப்ரிட்ஜ்ல வச்சு, மறுநாள் 150 டிகிரியில நாலு நிமிஷம் சூடாக்கினா மேல் மாவு திரும்பவும் மொறுமொறுன்னு ஆயிடும்.