மூடிக்குள் படம், மாடிப்படியில் மணம்

நேயர்களுக்கு வணக்கம். எண்பதுகளில் சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதுப் பசியைக் கற்றுக்கொடுத்தது தொலைக்காட்சி விளம்பரம்தான் என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை மாலை, ஒலியும் ஒளியும் தொடங்குவதற்கு முன்னால் வரும் விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். பாட்டுக்காக உட்கார்ந்தவர்கள் அவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தோம். மாற்றிப் பார்க்க வேறு சேனல் ஏது? 1983-இல் மேகி இந்தியாவுக்கு வந்தது. பிள்ளைகள் பசிக்கிறது என்பார்கள், அம்மா இரண்டே நிமிடம் என்பார். அந்தப் பேச்சை நம்பி எத்தனை வீடுகளில் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தோம்!

அப்புறம், கோல்ட் ஸ்பாட் குளிர்பானம். எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் வருவதில்லை. கண்ணாடி பாட்டிலில் ஆரஞ்சு நிறம், ஒரு சமயம் அதன் மூடிக்குள் விலங்குப் படம். படங்களைச் சேர்க்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் வாங்கிக் குடிக்க எந்த வீட்டில் காசு கொடுத்தார்கள்? பெட்டிக்கடை வாசலில் கிடக்கும் மூடிகளைப் பொறுக்கினோம். குடித்தவர் யாரோ, சேர்த்தவர்கள் நாங்கள். கையில் காசில்லாத பிள்ளையும் அந்த ஆட்டத்தில் இருந்தான். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காசில்லாத பிள்ளையும் இருந்தான். 1993-இல் பார்லே அந்தப் பானத்தைக் கோக்கோ கோலாவிடம் விற்றது. பிறகு கடைகளிலிருந்தே அது மறைந்துபோனது.

எழும்பூர் கடை வளாகங்களுக்கும் அதே குணம் உண்டு. பாந்தியன் சாலையில் ஃபவுண்டன் பிளாசா, பக்கத்திலேயே மாண்டியத் சாலையில் அல்சா மால். சட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உள்ளே சுற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அல்சா மாலில் ரொட்டியைக் கல்லில் வாட்டி, முட்டை, சீஸ், பச்சை மிளகாய் வைத்துத் தருவார்களே, அந்த சாண்ட்விச்சுக்கு எந்தத் தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது? மாடிப்படி வரை வரும் மணம் போதும். கல்லூரிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. வாங்கி, நின்றபடியே தின்று, பாதியை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு வருவோம்.

நேரம் ஆகிவிட்டது என்று எதிரே கை காட்டுகிறார்கள். ஸ்பென்சர் பிளாசாவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பழைய கட்டடம் எண்பதுகளில் தீயில் போனது, அந்த இடத்தில் எழுந்ததுதான் இப்போது நிற்கும் பிளாசா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், பின்னால் ஒரு கடைப் பலகை தெரிகிற படம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இடமும் வருஷமும் பின்பக்கம் எழுதி வையுங்கள். வணக்கம்.