ராத்திரியில் பத்து நிமிஷம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சுகர், பிரஷர் மாதிரி கூடவே இருக்கிற நோயோடு வாழ்கிறவர்கள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் நர்ஸாக இருந்தவள். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் இன்று பாதங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

நம்ம வடசென்னைக்கும் சர்க்கரை நோய் வைத்தியத்துக்கும் பழைய உறவு உண்டு. டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். பிறகு 1954இல் ராயபுரத்தில் சொந்தமாக ஒரு மருத்துவமனையும் தொடங்கினார். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வந்துவிடுகிறது, சரி. அதை வேளை தவறாமல் போட, நேரத்துக்குச் சாப்பிட, கொஞ்சம் உட்கார்ந்து தன் காலைத் தானே பார்க்க நேரம் வேண்டுமே? அந்த நேரத்தை எந்தத் திட்டமும் கொண்டுவந்து தராது. வீட்டில் வாயைத் திறந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். நம் பெண்கள் அதை மட்டும் கேட்கவே மாட்டார்கள்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும். மீன் எடுக்கப் போகிற அம்மாக்கள் மணிக்கணக்கில் ஐஸ் தண்ணியிலும் மீன் கழுவிய தண்ணியிலும் நிற்கிறார்கள். செருப்பு வழுக்குகிறது என்று பலர் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு அம்மா மாத்திரை வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் நடந்துவந்த தரையில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலுக்கு மேலே கெளுத்தி முள் ஒன்று முறிந்து உள்ளேயே நிற்கிறது. சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரோ, "குத்துனதே தெரியலம்மா" என்றார்.

சர்க்கரை பல வருஷம் கூடவே இருந்தால் கால் நரம்புகள் பாதிக்கப்படும். முதலில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி குறுகுறுப்பு. அப்புறம் மரத்துப்போகும். எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். வலி இல்லாத புண்ணோடு மனுஷர் நடந்துகொண்டே இருப்பார். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. விரலை எடுக்க வேண்டி வருவது பெரும்பாலும் இப்படிக் கவனிக்காமல் விட்ட சின்னக் காயத்தில்தான் தொடங்குகிறது.

அதனால் ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் உங்கள் காலுக்கு ஒதுக்குங்கள். சாதாரணத் தண்ணியில் கழுவினால் போதும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்துவிடும். பழைய வேட்டித் துணியால் விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண் வருவது அங்கேதான். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பாருங்கள். கண் மங்கலாக இருந்தால் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், வீக்கம், நகத்தோரம் கறுப்பு, எது தெரிந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், அது பெரிய வம்பு. எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, பின்பக்கம் வார் வைத்ததாகக் கேட்டு வாங்கி, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். வாசல்படிக்குள் செருப்பா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சும் முடிந்தது.

அடுத்து சாப்பாடு. காலையில் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு, தண்ணி லாரி வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடுவார்கள். நாலு குடம் தூக்கி மாடி ஏறிவிட்டு, எல்லாருக்கும் நாஷ்டா கொடுத்த பிறகு தான் சாப்பிடலாம் என்றிருப்பார்கள். திடீரென்று வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். சுகர் 70க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சர்க்கரையைக் கண்டு பயப்படக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலக்கி உடனே குடியுங்கள். 15 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். மீன் கூடையோடு வெளியே போகிறவர்கள் சுருக்குப்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருப்பது நல்லது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். சுகர் இருக்கிற அம்மா முதல் ஆளாகத் தட்டு போட்டு உட்காருவதில் எந்தத் தப்பும் இல்லை.

பிரஷர் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, இதைச் சாப்பிடாதே அதைச் சாப்பிடாதே என்ற பேச்சு. ஒரு கட்டத்தில் மனசு விட்டுப்போகும். "செத்தா சாவுறேன், விடு" என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, களைத்துப்போனவர்கள். நீண்டநாள் நோயோடு மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கும் வைத்தியம் உண்டு. தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அரசு உதவி எண்களான 104க்கோ 14416க்கோ போன் செய்யுங்கள். காசு கேட்க மாட்டார்கள், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருக்கிற பிள்ளைகளே, மருமக்களே, தண்ணி லாரி நாளில் குடத்தை நீங்கள் எடுங்கள். ராத்திரி பாத்திரத்தை நீங்கள் விளக்கிவிட்டால் அம்மாவுக்கு நான் சொன்ன அந்தப் பத்து நிமிஷம் கிடைத்துவிடும். கேட்டதற்கு நன்றி, வணக்கம்.