ட்ரெய்லர் வீட்டு ஆண்டெனா: தனியாக எர்த் அடித்தால் டிவி தப்புமா?

[காட்சி: ஃப்ளோரிடா. ட்ரெய்லர் வீடு, கூரையில் டிவி ஆண்டெனா, பின்னால் கருமேகம்]

ஆண்டெனாவுக்கு எர்த் ராடு அடித்தாயிற்று, இனி மின்னல் பயமில்லை என்று இருக்கிறீர்களா? அந்த ராடே மின்னலை உங்கள் டிவிக்குள் அனுப்பலாம். எப்படி என்று பாருங்கள்.

முதலில் ஒரு சின்ன விவரம். அமெரிக்க ட்ரெய்லர் வீடுகளுக்குக் கரண்ட் பெரும்பாலும் வெளியே நிற்கும் மீட்டர் கம்பத்திலிருந்து வருகிறது. மெயின் ஸ்விட்சும் எர்த் ராடும் அங்கேதான்.

இப்போது ஒருவர் ஆண்டெனாவுக்கு நேர் கீழே 8 அடி ராடு ஒன்றைத் தனியாக அடிக்கிறார். அதோடு நிறுத்திவிடுகிறார். அந்த ராடின் எர்த் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னல் 20,000 ஆம்பியரை இறக்கினால் ராடின் தலையில் எத்தனை வோல்ட்? பெருக்கிப் பாருங்கள், 5 லட்சம்! ஆனால் தள்ளி நிற்கும் மீட்டர் கம்பத்து ராடு அந்த அளவுக்கு ஏறியிருக்காது. டிவிக்குப் பின்னால் ஆண்டெனா கேபிள் ஒரு ராடைச் சேர்ந்தது, பவர் கார்டு இன்னொரு ராடைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது டிவி.

[காட்சி: இரண்டு ராடுகள், நடுவே தடித்த செப்புக் கம்பி]

இரண்டு ராடுகளையும் கம்பியால் பிணைத்துவிட்டால் கதையே மாறுகிறது. வெள்ளம் வரும்போது ஒரே தெப்பத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்தே மேலே போவார்கள், இல்லையா? அதுபோல இரண்டும் சேர்ந்து ஏறும். அதனால்தான் அமெரிக்காவின் நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட், 810-ஆம் பிரிவில், இந்தப் பிணைப்புக்குக் குறைந்தது 6 கேஜ் செப்புக் கம்பி கேட்கிறது. ஆண்டெனாவிலிருந்து இறங்கும் எர்த் கம்பி செப்பு என்றால் 10 கேஜ் போதும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிதான். 4 மீட்டர் நீள 10 கேஜ் செப்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 0.013 ஓம்தான். 20,000 ஆம்பியருக்கு 260 வோல்ட். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மின்னலின் கரண்ட் மைக்ரோ விநாடிகளில் எகிறுகிறது. நேரான கம்பிக்கே மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இன்டக்டன்ஸ், அதாவது கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. ஒரே மைக்ரோ விநாடியில் 20,000 ஆம்பியர் ஏறினால், அந்த 4 மீட்டரில் 80,000 வோல்ட்! அதனால் மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டி வைக்காதீர்கள், வெட்டிவிடுங்கள். கூர்மையான வளைவு வேண்டாம், குட்டையாக, நேராக இறக்குங்கள்.

அப்புறம், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு டிஸ்சார்ஜ் யூனிட், அதாவது கேபிளில் திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னக் கருவி, போட்டு அதையும் எர்த்தில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் நேரடி இடியிலிருந்து டிவி தப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புயல் நெருங்கும் முன்பே ஆண்டெனா கேபிளையும் பவர் ப்ளக்கையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்க ஆரம்பித்த பிறகு அவற்றில் கை வைக்காதீர்கள். மீட்டர் கம்பத்துப் பிணைப்பைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

உங்கள் ஆண்டெனா ராடும் மீட்டர் ராடும் பிணைந்திருக்கின்றனவா? பார்த்துவிட்டு கமெண்டில் சொல்லுங்கள்.