அருணாசலம் விடுதியும் எழுதிவைத்த மனிதரும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கண்டி வீதியின் மழையையும் நெரிசலையும் பொறுத்துக் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் பிரதம விருந்தினர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, விடுதிப் பொறுப்பாளர் அவர்களே, என்னோடு ஒரே வரிசையில் சோற்றுத் தட்டு ஏந்தி நின்ற பழைய நண்பர்களே, இன்று அதே வரிசையில் நிற்கும் தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் என் ஆசிரியர் ஒருவர் வீற்றிருக்கிறார். தொண்ணூறு வயதிலும் என் ஒற்றுப்பிழைகளை விரல்விட்டு எண்ணக்கூடியவர் என்பதால், அவருடைய அனுமதியைத் தனியாகக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இந்த அருணாசலம் விடுதிக்குப் பெயர் தந்தவர், விடுதி எழுந்த கதை, விடுதி வாழ்க்கையின் ஒழுங்கு என்ற மூன்றையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "எழுதி வழங்கான் வாழ்வு, கழுதை புரண்ட களம்." கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்காதவனுடைய வாழ்க்கை, கழுதை புரண்ட நெற்களம்போலக் குழம்பிக் கிடக்கும் என்பது அதன் பொருள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். ஏனென்றால் அவர் எழுதி வழங்கியவர்.

1853 செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பில் பிறந்து, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் பயின்று, போட்டிப் பரீட்சையின் வழியாக இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அவர். 1919இல் அமைந்த இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். மாணிக்கவாசகரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பதைத் தமிழ் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அவர் பதிவாளர் நாயகமாக இருந்து பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை ஒழுங்குபடுத்தியதையும், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரம் மக்களைக் கணக்கெடுத்து, வெறும் எண்களோடு நில்லாமல் இந்நாட்டு மக்களின் வரலாறு, வழக்கம், சமயம் யாவற்றையும் விரித்துரைக்கும் அறிக்கை எழுதியதையும் மேடைகளில் யாரும் சொல்லக் காணோம். கோவைக்கும் பேரேட்டுக்கும் யார் மாலை போடுகிறார்கள்?

அவருடைய உழைப்பின் அருமையை நான் உணர்ந்தது ஓர் அரச அலுவலகத்தின் வாங்கில் இருந்தபோதுதான். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். ஓய்வூதிய அலுவலுக்காகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்று தேவைப்பட்டது. எழுதுவினைஞராக இருந்த இளைஞர் உள்ளே போய், என் பிறந்த ஆண்டுக்குரிய பதிவேட்டை இரண்டு கைகளாலும் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். அட்டையைத் திறந்ததும் மண் கொட்டியது. உள்ளே கறையான் குடும்பம் நடத்தியிருந்தது. என் பக்கத்தில் தந்தையாரின் பெயரில் முதலிரண்டு எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ளால் மறுபக்கத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் பெயர் தெரிந்தது. "ஐயா, நீங்கள் பிறந்ததற்கு இங்கே ஆதாரம் இல்லை" என்றார் அவர், மிக்க மரியாதையோடு. "அப்ப நான் ஆர் தம்பி?" என்று கேட்டேன். அதற்கு அவரிடம் படிவம் இல்லை.

ஊருக்குப் போனேன். எண்பத்தாறு வயதுப் பெரியம்மா, பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கச் சொல்லி, வசம்புத் துண்டோடு துணியில் முடிந்து வைத்திருந்த என் சாதக ஓலையை எடுத்துத் தந்தார். நாழிகை, நட்சத்திரம், லக்கினம் எல்லாம் நேற்றுக் கீறியதுபோல இருந்தன. வெற்றிப் பெருமிதத்தோடு அதைக் கொண்டுபோய் நீட்டினால், "இதில் உங்கள் பெயர் இல்லையே ஐயா" என்றார்கள். உண்மைதான்; பெயர் வைக்குமுன் எழுதிய ஓலை அது. பெயர் இருந்த தாளில் எழுத்து இல்லை, எழுத்து இருந்த ஓலையில் பெயர் இல்லை. சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் பெரியம்மாவும் நானும் சத்தியக் கடதாசி முடித்து, பழைய பாடசாலையின் சேர்விடாப்பைத் தேடிப் பிடித்து, ஐந்து மாதங்களுக்குப் பிறகுதான் நான் பிறந்தேன்! எழுதி வழங்கான் வாழ்வு மட்டுமா, எழுதியதைக் காக்காதவன் வாழ்வும் கழுதை புரண்ட களந்தான்.

பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்து, இந்நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றும், அதில் தாய்மொழிகளுக்கு உரிய இடம் வேண்டும் என்றும் அருணாசலம் வாதாடினார். 1921இல் கிடைத்தது லண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் பல்கலைக்கழகக் கல்லூரி மாத்திரமே. தென்னிந்தியத் தல யாத்திரை சென்ற அவர் 1924 ஜனவரி 9ஆம் நாள் மதுரையில் காலமானார். கொழும்பு புல்லர்ஸ் வீதியா, கண்டியா என்று கற்றோர் இடத்துக்குச் சண்டையிட்டு முடிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1942இல் பல்கலைக்கழகம் பிறந்தது. ஐவர் ஜென்னிங்ஸ் முதல் துணைவேந்தரானார். 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்வு நடந்தது. அப்போது எழுந்த தொடக்ககால ஆண்கள் விடுதிகளுள் ஒன்றுக்கு அருணாசலத்தின் பெயர் சூட்டப்பட்டது. தமையனார் இராமநாதனுக்கும் இங்கே ஒரு விடுதி உண்டு. அண்ணனும் தம்பியும் அரசியலில் எப்போதும் ஒரே பக்கம் நின்றவர்கள் அல்லர் என்றாலும், ஹந்தானை மலையடியில் அயலவராகிவிட்டார்கள்.

கட்டட அமைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். வளாகத்தின் திட்டத்தில் பற்றிக் அபர்க்ரொம்பியின் பெயரும், கட்டடங்களில் ஷேர்லி டி அல்விஸின் கைவண்ணமும் இருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சுவர்களைப் பல்கலைக்கழகம் காத்துக்கொள்ளும். அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களின் சுவடுகளை யார் காப்பது என்பதுதான் இரண்டு ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்வி. மகாவலிப் பக்கமிருந்து ஏறிவரும் மூடுபனியில் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்கு ஓடிய நாங்கள், சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதங்கள் எழுதினோம், சங்கக் கூட்டங்களுக்குக் குறிப்பு எடுத்தோம், படிக்கட்டில் வரிசையாக நின்று படம் பிடித்தோம். அவையெல்லாம் இன்று உங்கள் வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. ஒருவர் மறைந்தால், பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் தகப்பனைத் தவிர வேறு முகம் தெரியாது. பதிவாளர் நாயகத்தின் பெயர் தாங்கிய விடுதிக்கு ஒரு பதிவேட்டு அறை இல்லாமல் இருக்கலாமா? விடுதிப் பொறுப்பாளர் அவர்களைச் சபை நடுவே சங்கடப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். உலர்ந்த ஓர் அறையும் இரும்பு அலுமாரி ஒன்றும் போதும், அலுமாரியை நாங்கள் வாங்கித் தருகிறோம்.

விடுதி வாழ்க்கையின் ஒழுங்கு என்ற மூன்றாவது தலைப்பைச் செயலாளர் மன்னிக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஸ்கானருடன் இரண்டு தம்பிமார் அங்கே இருக்கிறார்கள். படம் கொண்டுவந்தவர்கள் கொடுத்தால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் திருப்பித் தந்துவிடுவார்கள். பின்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்து முகம் கெட்டுவிடும், மேசையில் பென்சில் வைத்திருக்கிறது.