சிக் லீவில் இருக்கும்போது வேறு வேலை தேடலாமா? பிரிட்டனில் இருக்கும் தமிழர்களுக்கு

[திரையில்: ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. லேப்டாப், அதன் பக்கத்தில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.]

வணக்கம். உடம்பு முடியாமல் மூன்று நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் உடல்நிலை பற்றி டாக்டர் தரும் சீட்டுதான் ஃபிட் நோட். ஒன்று முடிந்தால் ஜி.பி. அடுத்ததை எழுதித் தருகிறார். பழைய வேலைக்கு இனிப் போக முடியாது என்று உங்கள் மனதுக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு போனில் வேலை விளம்பரம் பார்க்கிறீர்கள். பார்க்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. சம்பளம் தந்துகொண்டிருக்கிறார்களே, நான் இப்படிச் செய்யலாமா? தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா?

நானும் முதுகு வலியோடு ஏழு மாதம் வீட்டில் இருந்தவன். இதே கேள்வியை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று மாதத்தை வீணாக்கினேன். அதனால்தான் இந்த வீடியோ.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடலாம். சிக் லீவில் இருக்கும்போது வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது, இன்டர்வியூவுக்குப் போகக் கூடாது என்று பிரிட்டனில் எந்தச் சட்டமும் இல்லை. ஃபிட் நோட்டில் ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்று இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே வராதே என்று அதில் இல்லை. கேர் ஹோமில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் நின்று, ஆட்களைத் தூக்கிப் படுக்க வைப்பது ஒரு வேலை. ஓர் அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவது வேறு. முதலாவதை முடியாதவர் இரண்டாவதைச் செய்தால் அதில் பொய் எதுவும் இல்லை.

[திரையில்: சைக்கிள் படம். பக்கத்தில் ஒரு நாற்காலி.]

இதை விளக்க ஒரு வழக்கு இருக்கிறது. 2011இல் வேலை வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. லண்டனில் ஒரு மருத்துவச்சி. அவருக்கு இரண்டு இடத்தில் வேலை. ஒன்றில் சைக்கிளில் வீடு வீடாகப் போக வேண்டும். மற்றது உட்கார்ந்து செய்கிற வேலை. முழங்கால் கெட்டுப்போனதால் முதல் வேலையில் சிக் லீவ் எடுத்தார், சிக் பே வாங்கினார். இரண்டாவது வேலைக்கு மட்டும் தொடர்ந்து போய்வந்தார். விஷயம் தெரிந்ததும் முதல் நிறுவனம் அவரை ஏமாற்றுக்காரர் என்று வேலையை விட்டு நீக்கியது. அந்த நீக்கம் நியாயமற்றது என்று தீர்ப்பு வந்தது. சிக் பே என்பது அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்ய முடியாததற்காகத் தரப்படுவது. தன்னால் முடிந்த இன்னொரு வேலையைச் செய்ததால் மட்டும் அவர் நேர்மையற்றவர் ஆகிவிடவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே வேறு இடத்தில் ஷிஃப்டுக்குப் போய்விடாதீர்கள், தயவுசெய்து. வேலை தேடுவது வேறு, சிக் பே வாங்கிக்கொண்டே இன்னொரு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வது வேறு. ‘அனுமதி இல்லாமல் வேறு வேலை செய்யக் கூடாது’ என்று நிறையக் கான்ட்ராக்டுகளில் ஒரு வரி இருக்கும். அந்த மருத்துவச்சிக்குத் தீர்ப்பு சாதகமாக வந்தது உண்மை. அதற்குள் அவர் வேலையை இழந்து, நீக்கப்பட்டவர் என்ற பெயரோடு தீர்ப்பாயம் தீர்ப்பாயமாக ஏற வேண்டியிருந்ததும் உண்மை.

அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே? இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்வதில். இப்போதைய எச்.ஆரிடம் ‘அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதிய இடத்தில் ‘நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பேன், எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று சொன்னால், ஏதாவது ஒன்று பொய். அந்தப் பொய்தான் பிடிபடும். எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று ஒரு தாளில் நேர்மையாக எழுதி வையுங்கள். ஜி.பி.யிடமும், ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் ஒக்குபேஷனல் ஹெல்த் ஆட்களிடமும், புதிய நிறுவனத்திடமும் அதே தாளை வைத்துப் பேசுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். லிங்க்ட்இன்னில் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையம் போடாதீர்கள். அது குற்றமில்லை. ஆனாலும் உங்கள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த சிக்னஸ் மீட்டிங்கில் உட்காரும்போது அவர் முகம் வேறாக இருக்கும்.

[திரையில்: ஒரு சி.வி. ‘2019 – இன்றுவரை’ என்ற வரி பெரிதாகிறது.]

சி.வி.யில் என்ன எழுதுவது? இந்த இடத்தில் நம்மவர்கள் தேவையில்லாமல் தவிக்கிறார்கள். நீங்கள் லீவில் இருக்கிறீர்கள், வேலையை விட்டுவிடவில்லை. ஆகவே ‘2019 – இன்றுவரை’ என்று எழுதுவது முழு உண்மை. சி.வி.யில் இடைவெளியே இல்லை. ‘இப்போது அங்கே வேலையில் இருக்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதும் உண்மை. ஆனால் ‘போன வாரம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் நடக்காத ஒன்றைக் கட்டிச் சொல்லாதீர்கள். ‘சில மாதமாக விடுப்பில் இருக்கிறேன், அதற்கு முன் இதைச் செய்தேன்’ என்று சொல்லிவிட்டு, செய்த வேலையைப் பற்றிப் பேசுங்கள். ஏன் விடுப்பு என்று நீங்களாக விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் கேட்டால்? இங்கேதான் ஈக்வாலிட்டி ஆக்ட் 2010, பிரிவு 60 வருகிறது. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன், உங்கள் உடல்நலத்தைப் பற்றி நிறுவனம் பொதுவாகக் கேட்கக் கூடாது. ‘போன வருடம் எத்தனை நாள் சிக் எடுத்தீர்கள்?’ என்பதும் உடல்நலக் கேள்விதான். சில விதிவிலக்குகள் உண்டு. இன்டர்வியூவுக்கு வர ஏதாவது வசதி வேண்டுமா என்று கேட்கலாம். அந்த வேலையின் உயிர்நாடியான ஒரு காரியத்தை உங்களால் செய்ய முடியுமா என்று கேட்கலாம். சாரம் ஏறி வேலை செய்பவரிடம் ஏற முடியுமா என்று கேட்பதுபோல. இந்தச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்துக்குச் சட்டம் வேறு.

கேட்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடமே கேட்டார்கள். அங்கே உட்கார்ந்து பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போட யாருக்கும் வாய் வராது. நான் சொன்னது இதுதான்: ‘இந்த விளம்பரத்தில் இருக்கிற வேலைகளை நான் செய்ய முடியும். எனக்கு ஏதாவது வசதி தேவைப்பட்டால், வேலை உறுதியானதும் சொல்கிறேன்.’ இரண்டு வாக்கியம். அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ‘டிஸெபிலிட்டி கான்ஃபிடென்ட்’ என்ற முத்திரை விளம்பரத்தில் இருந்தால் கவனியுங்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும் நிறுவனங்கள், அடிப்படைத் தகுதி உள்ள மாற்றுத்திறனாளிகளை இன்டர்வியூவுக்கு அழைப்பதாக ஒப்புக்கொண்டவை. ‘நான் மாற்றுத்திறனாளி இல்லையே’ என்பீர்கள். சட்டத்தின் கணக்கு வேறு. அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கும் உடல் அல்லது மனநலக் குறை, 12 மாதம் நீடித்திருந்தாலோ நீடிக்கும் என்று தெரிந்தாலோ போதும். புற்றுநோய், எச்.ஐ.வி., மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றால் கண்டறிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. நீண்ட நாள் மனச்சோர்வும் இதில் வரலாம். நம் வீடுகளில் அந்த வார்த்தையைச் சொல்லவே பயப்படுகிறோம். நம் ஆட்கள் கூசி ஒதுக்கிவிடுகிற பாதுகாப்பு இது, எனக்கு அதுதான் வருத்தம்.

[திரையில்: ஒரு மின்னஞ்சல். ‘நிபந்தனைக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் சிவப்பில்.]

சரி, வேலை கிடைத்துவிட்டது. மெயில் வந்திருக்கிறது. இப்போதுதான் நிதானம் வேண்டும்.

முதல் மெயில் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். ரெஃபரன்ஸ் (பழைய நிறுவனம் உங்களைப் பற்றித் தரும் கடிதம்), டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சோதனை), உடல்நலப் படிவம், எல்லாம் சரியானால்தான் வேலை. அது நிபந்தனையற்ற உறுதியாக மாறி, கையில் எழுத்தில் வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் தாமதமானால் புதியவர் கோபிப்பாரே என்று அவசரப்பட்டு, இரண்டு வேலையும் இல்லாமல் நின்றவர்கள் உண்டு.

உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் அவர்கள் கேட்கலாம். பொய் எழுதினால் பிறகு அதையே காரணமாக வைத்து நீக்க முடியும். உண்மையை எழுதியதற்காக, தகுந்த நியாயம் இல்லாமல், தாங்கள் செய்து தரக்கூடிய மாற்றங்களைப் பற்றி யோசிக்காமல் அவர்கள் வேலையைத் திரும்பப் பெற்றால், உங்கள் உடல்நிலை மேலே சொன்ன விளக்கத்துக்குள் வந்தால், அது பாகுபாடு. அதற்கு முதல் நாளிலிருந்தே வழக்குப் போடலாம்.

ரெஃபரன்ஸைப் பற்றி: பல நிறுவனங்கள் பதவிப் பெயரையும் தேதிகளையும் மட்டும் தருகின்றன. சில இடங்கள் லீவு நாட்களையும் எழுதும். எழுதினால் அது உண்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும். அந்த லீவு நாட்களின் கணக்கு வெளியே வரும் என்று தோன்றினால், வேலை உறுதியாகும் கட்டத்தில் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. வேறு யாரோ சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி, விட்டுப்போகும்போது எதை இழக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். யாரும் இதை முன்பே சொல்வதில்லை.

சட்டப்படியான சிக் பே 28 வாரம் வரை. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் அது வாரம் 118.75 பவுண்டு. லண்டனில் அதை வைத்து வாடகைகூடக் கட்ட முடியாது. ஆகவே நிறுவனம் தன் பங்குக்குத் தரும் சிக் பேதான் பெரிய விஷயம். புதிய இடத்தில் முதல் ஆறு மாதம் அது இல்லாமலே போகலாம். உங்களுக்கு நோய் திரும்பி வரக்கூடியது என்றால், புதிய கான்ட்ராக்டில் நான் முதலில் தேடுவது சம்பளத்தை அல்ல, சிக் பே பற்றிய பத்தியை.

என்.எச்.எஸ்.ஸில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. ஐந்து வருடம் முடித்தவருக்கு ஆறு மாதம் முழுச் சம்பளம், ஆறு மாதம் அரைச் சம்பளம் என்பது அங்கே கணக்கு. ஒரு டிரஸ்டிலிருந்து (மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு) இன்னொரு டிரஸ்டுக்கு மாறினாலும் பழைய சர்வீஸ் சேரும். ஆனால் கடந்த 12 மாதத்தில் ஏற்கெனவே வாங்கிய சிக் பே நாட்களும் கழிக்கப்படும். மாறியவுடன் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்காதீர்கள்.

நிறுவனம் உங்களுக்காக ‘இன்கம் புரொடெக்‌ஷன்’ காப்பீடு எடுத்திருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். நீண்ட நாள் நோயில் சம்பளத்தின் ஒரு பகுதியை வருடக்கணக்கில் தரக்கூடிய திட்டம் அது. பொதுவாக, ராஜினாமா செய்தால் அதுவும் போய்விடும். இது இருப்பதே தெரியாமல் வெளியேறுவதுதான் பெரிய இழப்பு.

ஸ்பான்சர் விசாவில் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளமில்லா விடுப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால் சிக்கல் என்ற விதியில் சிக் லீவுக்கு விலக்கு உண்டு. ஆனால் வேலை மாற, புதிய ஸ்பான்சர், அவர் தரும் புதிய சி.ஓ.எஸ். (ஸ்பான்சர் சான்று), புதிய விண்ணப்பம் எல்லாம் வேண்டும். அனுமதி வந்த பிறகே அங்கே வேலையில் சேரலாம். அதுவரை பழைய வேலையை விடாதீர்கள்.

[திரையில்: நாட்காட்டி. 28 கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

கடிதம் கொடுக்கும் நாள். நோட்டீஸ் காலத்தை வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஃபிட் நோட் இருக்கும்வரை அதற்காக வேலைக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. சிக் பே முழுவதும் தீர்ந்துபோனவர்களுக்கு ஒரு தகவல்: 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தின்படி, நீங்களாக விலகும்போது சட்டம் சொல்லும் ஒரு வார நோட்டீஸுக்கு முழுச் சம்பளம் கேட்க இடம் இருக்கிறது. நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய நோட்டீஸ், கான்ட்ராக்டின்படி, சட்டக் கணக்கைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ அதிகமாக இருந்தால் இது பொருந்தாது. கான்ட்ராக்டைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அப்புறம் ஆண்டு விடுப்பு. சிக் லீவில் இருந்த மாதங்களிலும் அது சேர்ந்துகொண்டேதான் இருக்கும். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் வருடத்துக்கு 28 நாள். நோயால் எடுக்க முடியாமல்போன விடுப்பில் நான்கு வாரம் வரை, அந்த விடுப்பு ஆண்டு முடிந்த பிறகும் 18 மாதத்துக்குள் எடுக்கலாம். வேலையை விடும்போது, எடுக்காத நாட்களுக்குப் பணம் தர வேண்டும். கடைசிப் பே ஸ்லிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை. தேதிகளைக் கணக்குப் போட்டு ஒரு மெயில் அனுப்பினேன். அடுத்த மாதம் பணம் வந்தது.

புதிய இடத்தில் நல்ல நாற்காலி, உயரம் மாற்றும் மேசை, பஸ்ஸில் போக முடியாதவருக்கு டாக்ஸி, இப்படித் தேவைப்படுவதற்கு ‘ஆக்ஸஸ் டு வொர்க்’ என்ற அரசு உதவி இருக்கிறது. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். வரிசை நீளமானது. அதனால் தொடக்கத் தேதி உறுதியானவுடனே விண்ணப்பியுங்கள், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

உங்கள் நிலைமை நான் சொன்னதில் எதிலும் பொருந்தவில்லை என்றால், வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 0300 123 1100. பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் நிறுவனத்துக்கும் தெரியாது. கான்ட்ராக்டையும் கடைசி ஃபிட் நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.