அவ்வப்போது விழும் சர்வர்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் தொழிற்சாலை, மருந்துக்கடை, லாட்ஜ் என்று எங்கே போனாலும் இன்று ஒரு சர்வர் கணினி ஓடுகிறது. அது அடியோடு நின்றுபோனால் பெரிய கவலை இல்லை. பழுது கண்ணெதிரே நிற்கும், பார்த்துவிடலாம். நாள் கணக்கில் ஒழுங்காக ஓடி, ஒரு மதியம் திடீரென்று படுத்து, ரீஸ்டார்ட் செய்ததும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து ஓடுகிறதே, அதுதான் ஆளை வாட்டி எடுக்கும். அந்த மாதிரிப் பழுதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊரில் மதியம் எது நின்றாலும் பழி வெயில்மேல்தான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வருகைப்பதிவு சர்வர் இப்படி விழுந்துகொண்டிருந்தது. கத்திரி வெயில் நேரம். ஏசி அறைக்கு மாற்றினார்கள், யூபிஎஸ்ஸை மாற்றினார்கள். அப்படியும் விழுந்தது. நாங்கள் பழுது பார்க்கப் போனபோது லாகை, அதாவது நடப்பதையெல்லாம் சர்வர் தானே நேரத்தோடு எழுதி வைக்கும் குறிப்பை எடுத்து, விழுந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். ஏறக்குறைய எல்லாமே பிற்பகல் 2 மணியை ஒட்டி. ஒன்றே ஒன்று இரவு 10 மணிக்கு. அந்த ஒரு வரி வெயிலை விடுவித்துவிட்டது. 2 மணியும் 10 மணியும் ஷிப்ட் மாறும் நேரம். எல்லா கேட்டிலும் ஆட்கள் ஒரே சமயத்தில் விரல் வைக்கும் நேரம்.

சர்வர் விழுந்ததும் முதல் வேலையாக ரீஸ்டார்ட் செய்வார்கள். வேலை நிற்கக் கூடாது, நியாயம்தான். ஆனால் லினக்ஸில், ஒரு புரோகிராம் விழும் நொடியில் அதன் மெமரியில் என்ன இருந்ததோ அதை ஒரு ஃபைலாக எழுதி வைக்கச் சொல்லலாம். கோர் டம்ப் என்பார்கள். பல சர்வர்களில் அதன் அளவை 0 என்று வைத்து அடைத்திருப்பார்கள். அதை முதலில் திறந்துவிட்டோம். அடுத்த முறை விழுந்தபோது ஃபைல் கையில் இருந்தது.

ஜிடிபி என்ற பழுது தேடும் புரோகிராமில் அதைத் திறந்து பார்த்தால், விழுந்த இடம் ஒரு தொழிலாளியின் பெயரை லாகில் எழுதும் சாதாரண வரி. அந்த வரியில் குற்றம் எதுவும் இல்லை. பலரும் இங்கேதான் திசை மாறிப் போவார்கள். விழுந்த இடம் ஒன்று, பழுது உள்ள இடம் இன்னொன்று. மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒருவர் 'ரூம் காலி' என்று எழுதி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். பழைய ஆளோ இன்னும் அதே சாவியோடு உள்ளே போய்வருகிறார். ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகளைத் த்ரெட் என்பார்கள். இந்த சர்வரில் ஒரு த்ரெட், நேரம் முடிந்துபோன பதிவுகளை மெமரியிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தது. அதே நொடியில் இன்னொரு த்ரெட் அந்தப் பதிவைக் கையில் வைத்திருந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை.

இதில் இன்னொரு தொல்லை உண்டு. வேவு பார்க்க நாலு லாக் வரி சேர்த்தால் வேகம் சற்றே மாறி, பழுது மறைந்துவிடும். சரி, தீர்ந்தது என்று விட்டுவிடக் கூடாது. டாண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985-லேயே இதைப் பற்றி எழுதினார்: நன்றாகச் சோதித்துப் புழக்கத்துக்கு வந்த மென்பொருளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும், மறுபடி ஓட்டினால் காணாமல் போகும் பழுதுகள்தான் என்று. ரீஸ்டார்ட் கைகொடுப்பதும் அதனால்தான். பழுது மட்டும் உள்ளேயே இருக்கும்.

1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினியும் தானாகத் தானாக ரீஸ்டார்ட் ஆனது. அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியை ஓட்டி, அதே பழுதை வரவழைத்தார்கள். வானிலை அளக்கும் சின்ன வேலை ஒன்று ஒரு பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு மட்டுமே கிடைக்கும் அனுமதியைப் பிடித்து வைத்திருக்க, முக்கியமான வேலை அதற்காகக் காத்துக் கிடந்தது தெரிந்தது. திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினார்கள்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். தனியாக ஒரு மெஷினில் ஷிப்ட் நேரக் கூட்டத்தைப் போலியாக உண்டாக்கி, மெமரியைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியைப் போட்டு ஓட்டினோம். புரோகிராம் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் விடுவித்த மெமரியை யார் தொட்டாலும் அங்கேயே நிறுத்தி, விடுவித்த வரி எது, தொட்ட வரி எது என்று இரண்டையும் காட்டிவிடும். அப்புறம், யாராவது கையில் வைத்திருக்கும்வரை பதிவை விடுவிக்கக் கூடாது என்று கணக்கு வைத்தோம். திருத்தத்துக்கு முன் எந்தக் கூட்டத்தில் விழுந்ததோ, அதே கூட்டத்தை இரவு முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் தொழிற்சாலைக்கு அனுப்பினோம்.

கடை, ஆலை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்வர் விழுந்தால் மணி என்ன, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இடத்தை அடைக்கிறது என்று கோர் ஃபைலை அழித்துவிடாதீர்கள். பழுது பார்க்க வருகிறவர் முதலில் கேட்கப் போவது அந்த இரண்டையும்தான்.

வணக்கம்.